பெரிய தொட்டியா, அதே தொட்டியா? ரோஜாவை மறுநடவு செய்யும் இரு வழிகள்

தொட்டியில் வளரும் ரோஜா இரண்டு மூன்று ஆண்டுகளில் தன் மண்ணைத் தீர்த்துவிடுகிறது. எரு மக்கிக் கரைவதால் மண்மட்டம் கீழிறங்குகிறது, ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் ஊறாமல் ஓரமாகவே வழிந்து அடித்துளை வழியே வெளியேறுகிறது, பூக்களும் சிறுத்துப்போகின்றன. அப்போது செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம், அல்லது வேரைக் கழித்து அதே தொட்டியில் புது மண்ணிட்டுத் திரும்ப நடலாம். பலரும் முதல் வழியையே நாடுகிறார்கள். என் கணிப்பில், முழு வளர்ச்சி கண்ட செடிக்கு இரண்டாவது வழியே மேல்.

பெரிய தொட்டிக்கு மாற்றுவது எளிய வேலை என்பதில் ஐயமில்லை. வேர்க்கட்டியை உடைக்காமல் தூக்கி வைத்து, சுற்றிலும் மண் நிரப்பினால் போதும். செடி வாடாது, பூப்பதும் பெரிதாகத் தடைபடாது. இளஞ்செடிக்கு இதுவே ஏற்றது என்றாலும், புதுத் தொட்டியின் விட்டம் பழையதைவிட 2 முதல் 4 அங்குலம் வரை கூடினால் போதுமானது. அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம் என்று எண்ணி, 8 அங்குலத் தொட்டியில் இருந்த செடி ஒன்றை நேரே 16 அங்குலத் தொட்டியில் நட்டவன் நான். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்தது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தோண்டிப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனிகள் பழுப்பேறியிருந்ததோடு, விரலால் உருவியதும் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து நார் மட்டும் மிஞ்சியது. இந்த வழியில் இன்னொரு குறையும் உண்டு: சத்திழந்து உப்பேறிய பழைய மண், வேர்க்கட்டியின் நடுவில் அப்படியே தங்கிவிடுகிறது.

வேர்க்கழிப்பு அந்த மண்ணையும் சேர்த்தே மாற்றுகிறது. செடியைக் கவாத்து செய்யும், அதாவது கிளைகளை வெட்டிவிடும் பருவமே இதற்கு உகந்தது. கடும் வெயில் காலத்தில் இதில் இறங்கக் கூடாது. முதல் நாளே நீர் ஊற்றி வைத்து, மறுநாள் தொட்டியைச் சாய்த்துத் தட்டினால், தொட்டியின் வடிவத்திலேயே நூற்கண்டுபோல் சுற்றிய வேர்கள் வெளிவரும். பக்கங்களிலும் அடியிலும் ஓர் அங்குலம், மிக இறுகியிருந்தால் இரண்டு அங்குலம் சீவி எடுத்து, எஞ்சிய பழைய மண்ணைக் குச்சியால் மெல்ல உதிர்த்து, தோட்ட மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்த புது மண்ணில் நடலாம். குறைந்த வேரால் முழுச்செடிக்கும் நீர் கொடுக்க இயலாது என்பதால், கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். புதுத் துளிர் நன்றாக விரியும்வரை ரசாயன உரம் வேண்டாம். இதற்குக் கொடுக்கும் விலை, ஆறு முதல் எட்டு வாரங்கள் பூவின்றிக் காத்திருப்பது. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் முதல் வழியிலேயே செல்லலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தொட்டி பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒருவரால் நகர்த்தவே முடியாத எடையில் வந்து நிற்கும்.

எந்த வழியானாலும் அடியில் சரளைக்கல் பரப்புவது வீண். நுண்ணிய மண் முழுதும் நனைந்து நிறைந்த பிறகே நீர் கல்லடுக்குக்கு இறங்கும் என்பதால், ஈரம் வேருக்கு இன்னும் அருகில்தான் தேங்கும். துளையை மறைக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

எந்தத் தொட்டி என்பதும் இங்கே கணக்கில் வருகிறது. மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாகும்; அளவின்றி நீர் ஊற்றும் கைக்கு அதுவே பாதுகாப்பு. பிளாஸ்டிக் ஈரத்தைக் காக்கும், ஆனால் கறுப்பு நிறத் தொட்டி வெயிலில் வேரைச் சுட்டுவிடும். துணிப்பையில் ஓரத்தை எட்டும் வேர்நுனி காற்றில் உலர்ந்து கிளைவிடுவதால் வேர்கள் சுற்றிக்கொள்வது குறையும். அதற்கு ஈடாக அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும். வேர்க்கழிப்பை மேற்கொள்ள நினைப்பவர்கள், எந்தப் பொருளால் ஆனதாயினும், வாய் அகன்று அடி குறுகிய தொட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். வயிறு பருத்து வாய் குறுகிய தொட்டி பார்வைக்கு அழகுதான். மூன்று ஆண்டுகள் வேரோடிய செடியை அதிலிருந்து எடுக்கத் தொட்டியைத்தான் உடைக்க நேரும்.