உபுண்டு போய்விட்டது, அதன் பெயர் போகவில்லை

விண்டோஸுடன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் ஒரே மடிக்கணினியில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், உபுண்டுவை மட்டும் எடுத்துவிட்டால் விண்டோஸுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, ஆனால் எடுத்தாயிற்று என்று நாம் நிம்மதி அடையும் இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது.

நெடுநாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் நியாயமாகச் சொல்வதானால், உபுண்டுவிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவ் நிரம்பிச் சிவந்துவிட்டது, இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உபுண்டுவின் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை, அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று மெனு காட்டிக் கேட்கும் கிரப் நிரலின் தொடக்கக் கோப்புகள் அங்கே இல்லை. விண்டோஸும் பயன்படுத்தும் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன. மெனுவைத் தேடி அவை போகும் இடம் காலியாகிவிடுவதால், அடுத்த முறை கணினியை இயக்கும்போது கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற சொல் வந்து நிற்கும். ‘எக்ஸிட்’ என்று தட்டினால் பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும். முன்கூட்டியே பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தரிசனமே கிடைக்காது. டிஸ்கை மறையாக்கம் செய்து காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியென்றால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை அதற்கும் முன்பே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறினால் அது எண்ணைக் கேட்கக்கூடும்.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, டிஸ்க்பார்ட் கட்டளை மூலம் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்தை ஒதுக்கி, அதிலுள்ள ‘உபுண்டு’ கோப்புறையை மட்டும் நீக்க வேண்டும். பார்ட்டிஷனையே அழித்துவிடலாமே என்று கை பரபரக்கும். விண்டோஸின் தொடக்கக் கோப்புகளும் அங்கேயே குடியிருப்பதால் அது கூடவே கூடாது.

என் பொறுமையைச் சோதித்தது இதற்குப் பின் வந்ததுதான். பார்ட்டிஷன் இல்லை, கோப்புறை இல்லை, ஆயினும் பூட் மெனுவில் ‘உபுண்டு’ என்ற பெயர் அசையாமல் இருந்தது. அந்தப் பட்டியல் டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. அதை நீக்குவதற்குச் சில கணினிகளின் பயாஸிலேயே வழி வைத்திருக்கிறார்கள். என் மடிக்கணினியைச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை, கையேட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் பிசிடிஎடிட் கட்டளையால் பட்டியலை வரவழைத்து, அந்தப் பதிவுக்குரிய நீண்ட அடையாளக் குறியீட்டை எழுத்துப் பிசகாமல் கொடுத்து அழித்தேன்.

விடுபட்ட இடம் சி டிரைவுக்கு வலப்புறம் ஒட்டியே இருந்ததால் எளிதாகச் சேர்ந்துவிட்டது. இடையில் மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கிட்டால் டிரைவைப் பெரிதாக்கும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ தேர்வு மங்கியே கிடக்கும். அப்போது அந்த இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்வதே உத்தமம்.

எதிர்பாராத மகிழ்ச்சி கடிகாரத்தால் வந்தது. கணினியின் உட்கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால், உபுண்டுவிலிருந்து திரும்பும்போதெல்லாம் காலை பத்து மணி அதிகாலை நாலரையாகத் தெரியும். அந்த ஐந்தரை மணி நேரத் தொல்லை ஒழிந்தது.

இவ்வளவு விளக்கிய பின்னும் நண்பருக்கு நான் சொன்னது, இடம் போதுமானால் நீக்காதீர்கள் என்பதே. நானும் உபுண்டுவை மறுபடி நிறுவத்தான் போகிறேன், ஆனால் தனி எஸ்எஸ்டியில். விலை கொஞ்சம் இறங்கட்டும்.