தனியாக ரயிலில் தூரப் பயணம் போகிறீர்களா? கன்ஃபர்ம் டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

வடக்கே தனியாக ஒரு சுற்று போய்வரலாம் என்று டிக்கெட் தேடிக்கொண்டிருப்பவர்கள், ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை, புது தில்லி, அங்கிருந்து ஹரித்வார் என்று கிளம்பிய ஒரு பயணி, கையில் கன்ஃபர்ம் டிக்கெட் வைத்திருந்தும் விஜயவாடா வருவதற்குள் டிக்கெட் இல்லாத ஆளாகிவிட்டார். கட்டணத்துக்கு மேல் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர், வாட்ஸ்அப்பில் மட்டுமே தொழில் நடத்தும் ஒரு ஏஜென்ட்.

ஏமாற்று நடந்த விதம் எளிது. முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது (2024 நவம்பர் வரை அது 120 நாள்). திறக்கிற அன்றே இப்படிப்பட்ட ஏஜென்ட்டுகள் ஊரில் பலருக்கும் இருக்கும் பெயர்களாகப் பார்த்து, ஆண், 30 வயதை ஒட்டி என்று பல தனி டிக்கெட்டுகளை வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியதும் வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள். வருகிறவரின் பெயரை பி.டி.எஃப்.-இல் மாற்றி அடித்து அனுப்புகிறார்கள். ரயில் சரி, பெட்டி சரி, படுக்கை எண் சரி, பி.என்.ஆர். எண்ணும் (டிக்கெட்டின் முன்பதிவு எண்) உண்மையானது. பெயர் மட்டும் பொய்.

அந்தப் பயணி பி.என்.ஆர். பார்க்காமல் இல்லை. பார்த்தார், கன்ஃபர்ம் என்றே வந்தது. பலரும் தவறவிடும் இடம் இதுதான்: பி.என்.ஆர். விசாரணையில் பயணியின் பெயர் வராது. பயணி 1, பெட்டி, படுக்கை எண், நிலை, அவ்வளவுதான். பெட்டிக் கதவோரம் சார்ட் (பயணிகள் பெயர்ப் பட்டியல்) ஒட்டும் வழக்கத்தையும் பெரிய நிலையங்களில் 2018-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே வண்டியில் டிக்கெட் பரிசோதகர் தன் கைக்கருவியைப் பார்த்து அடையாள அட்டை கேட்கும்வரை உண்மை வெளியே வராது. கருவியில் வேறு பெயர், வேறு வயது. கட்டணமும், அதே அளவு கூடுதல் தொகையும் கட்டவேண்டியதாயிற்று. (கூடுதல் தொகை என்பது கட்டணத்துக்குச் சமம் அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது.) ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

தனியாகப் போகிறவர்களையே குறிவைக்கக் காரணம் உண்டு. ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் இருந்தால், அவர்களில் யாராவது ஒருவர் அசல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். தனி ஆளுக்கு அந்த வழி கிடையாது. பெயர் பொருந்தவில்லையென்றால் முழு டிக்கெட்டும் செல்லாது.

“பெயர் மாற்றம் போட்டுக்கொள்ளலாம் சார், கவலைப்படாதீங்க” என்று சொன்னால் அந்த நிமிடமே விலகிவிடுங்கள். கன்ஃபர்ம் டிக்கெட்டைத் தாய், தந்தை, உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, மகன், மகள் ஆகியோருக்குத்தான் மாற்ற முடியும். அதுவும் ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, உறவுக்கு ஆதாரம் காட்டி, ஒரே ஒரு முறை. முன்பின் தெரியாத ஒருவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற எந்த வழியும் இல்லை.

அடுத்த ஓட்டை மொபைல் எண். முன்பதிவுப் படிவத்தில் ஏஜென்ட் தன் எண்ணையே போட்டுக்கொள்கிறார். பயணியின் பெயரோடு வரும் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகிறது. உங்கள் எண் இருந்திருந்தால் பெயர் தவறென்று அன்றைக்கே தெரிந்திருக்கும். இதைவிட மோசமானதும் உண்டு. பி.டி.எஃப்.-ஐ உங்களுக்கு அனுப்பிவிட்டு, சில நாளில் டிக்கெட்டையே ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால், திரும்பவரும் தொகையைச் சொல்லி ஓ.டி.பி. ஒன்று பயணியின் எண்ணுக்கு வரும். அதை ஏஜென்ட்டிடம் சொன்னால்தான் கணக்கு முடியும். உங்களைக் காப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு அது. எண் அவருடையதாக இருந்தால் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். கையிலிருக்கும் பி.டி.எஃப். மட்டும் கடைசிவரை கன்ஃபர்ம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிக்கெட் வாங்கிய அன்று ஒரு முறை, கிளம்பும் முன்தினம் ஒரு முறை, சார்ட் தயாரானதும் ஒரு முறை என்று பி.என்.ஆர்.-ஐப் பாருங்கள். பெயரைக் காட்டாவிட்டாலும், டிக்கெட் உயிரோடு இருக்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

விகல்ப் வசதியும் இப்படித்தான் காலை வாரும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டில் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், இடம் இருக்கும் வேறொரு ரயிலுக்கு உங்களை மாற்றிவிடுவார்கள். அருகிலுள்ள வேறு நிலையத்திலிருந்து ஏறவேண்டியதாகவும் அமையலாம். மாற்றிய பிறகு பழைய ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம் என்றே கணக்கு. விகல்ப் போட்டிருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

“வெயிட்டிங் 40தான், கட்டாயம் கன்ஃபர்ம் ஆகிடும்” என்ற பேச்சில் எண்ணைவிட அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் முக்கியம். ஜி.என்.டபிள்யூ.எல். என்றால் பொதுவாக ரயில் புறப்படும் நிலையத்திலிருந்து எடுக்கும் பொதுப் பட்டியல், அது நகர்ந்து கன்ஃபர்ம் ஆகும் வாய்ப்பு அதிகம். ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.க்யூ.டபிள்யூ.எல். இரண்டும் இடைநிலையங்களுக்கான சிறிய ஒதுக்கீடு. 10 என்றிருந்தாலும் நகராமல் நிற்கும். டி.க்யூ.டபிள்யூ.எல். தட்கல் (கடைசி நேர முன்பதிவு) பட்டியல், அதற்கு ஆர்.ஏ.சி. (முழுப் படுக்கை இல்லாமல் உட்கார்ந்து போகும் இடம்) கிடையாது. ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் நகராவிட்டால் தானாக ரத்தாகி, பணம் கட்டிய கணக்குக்கே திரும்பும். கட்டியது ஏஜென்ட்டின் கணக்கிலிருந்து என்றால் பணமும் அங்கேதான் போகும். அந்த டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லோயர் பெர்த்துக்கென்று தனிக் காசு கேட்பது சுத்த அநியாயம். 45 வயது நிறைந்த பெண்ணுக்கும் 60 வயது நிறைந்த ஆணுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. தனியாகப் போகிறவர் அதற்குத் தகுதியானவர். ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று வயது வரம்பில்லாமல் 6 படுக்கைகள் தனியாக இருக்கின்றன. இவை எதற்கும் கூடுதல் கட்டணம் இல்லை. சிலர் இந்த ஒதுக்கீட்டைப் பிடிக்க வயதையே கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டை காட்டும்போது மாட்டுவது பயணிதான்.

ஏஜென்ட் உண்மையானவரா என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் போதும். ஒன்று, அங்கீகாரம் பெற்றவர் எடுத்த டிக்கெட்டில் ஏஜென்ட்டின் விவரமும் அவருடைய சேவைக் கட்டணமும் அச்சாகியிருக்கும். ஒரு பி.என்.ஆர்.-க்கு ஸ்லீப்பர் என்றால் 20 ரூபாய், ஏ.சி. என்றால் 40 ரூபாய், அதோடு வரி. ஆயிரம் ரூபாய் கேட்கிறவரின் டிக்கெட்டில் அந்த விவரமே இருக்காது. யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்தது அது. சொந்தக் கணக்கில் எடுத்து விற்பது 1989 ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அப்படி வாங்கிய டிக்கெட் பணம் திரும்பாமல் ரத்தாகும் என்று டிக்கெட்டின் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. இரண்டாவது அடையாளம் தட்கல். 2025 ஜூலையிலிருந்து ஏ.சி. தட்கலில் காலை 10 முதல் 10.30 வரை, மற்ற வகுப்புகளில் 11 முதல் 11.30 வரை ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. “பத்து மணிக்கே போட்டுத் தர்றேன்” என்கிறவர் எந்தக் கணக்கில் போடப்போகிறார் என்பதை நீங்களே புரிந்துகொள்ளலாம். கன்ஃபர்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஏஜென்ட்டே இல்லாமல் எடுக்க வேண்டுமானால், முன்பதிவு திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. (ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் தளம்) கணக்கில் ஆதாரைச் சரிபார்த்துவிடுங்கள். ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் காலை 8 மணிக்குத் திறந்தவுடன் இடம் கிடைக்கிறது. உங்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளிலேயே பயணிகள் பட்டியலில் சேமித்து வைத்தால் அந்த நேரத்தில் தட்டச்சுப் பிழை வராது. போகிற ரயிலையும் அடுத்த ரயிலையும் ஒரே பெயர், ஒரே வயதோடு எடுத்து இரண்டு பி.என்.ஆர்.-ஐயும் இணைத்துவிடுங்கள். முதல் ரயில் தாமதமாகி தில்லியில் ஹரித்வார் வண்டி தவறினால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். சென்னைப் பயணிக்கு இதுவும் கிடைக்காமல் போனது. இரண்டு டிக்கெட்டிலும் இரண்டு வேறு பெயர்கள் இருந்தன.

புது தில்லி நிலையத்தில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பஹாட்கஞ்ச் பக்க வாசலில் அடையாள அட்டை தொங்கவிட்டபடி ஒருவர் வந்து, உங்கள் ரயில் ரத்து, டிக்கெட் செல்லாது, சுற்றுலா அலுவலகத்தில் மாற்றித் தருகிறேன் என்பார். தனியாகப் பையோடு நிற்பவரிடம்தான் வருவார். பதில் பேசாமல் ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள், அல்லது ரயில் ஓட்ட நிலையை ரயில்வேயின் தளத்தில் பாருங்கள்.

ஏமாந்த பிறகு இரண்டாவது ஏமாற்று காத்திருக்கும். பி.என்.ஆர்.-ஐயும் மொபைல் எண்ணையும் போட்டு சமூக வலைத்தளத்தில் புகார் எழுதினால், சில நிமிடத்தில் “ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்” என்று அழைப்பு வரும். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், திரையைப் பகிரச் சொல்வார்கள், பிறகு கணக்கு காலி. ஐ.ஆர்.சி.டி.சி. ஒருபோதும் போனில் ஓ.டி.பி., பின் எண், அட்டையின் பின்புற எண் கேட்காது.

புகாரை ரயில்வேயின் ‘ரயில் மதத்’ (Rail Madad) புகார் தளத்திலோ 139-லோ பதியுங்கள். டிக்கெட் விற்றவர் மேல் நிலையத்திலுள்ள ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பணம் யு.பி.ஐ.-யில் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பரிசோதகரிடம் கட்டிய தொகைக்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள். உங்கள் டிக்கெட்டை ஏற்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஏஜென்ட் அனுப்பிய பி.டி.எஃப்., பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். அவர் எண்ணைத் தடை செய்யவும் அவசரப்படாதீர்கள். பி.என்.ஆர்.-ஐ வைத்து அது எந்தக் கணக்கில், எந்த மொபைல் எண்ணில் எடுக்கப்பட்டது என்பதை ஆர்.பி.எஃப். கேட்டு வாங்க முடியும். பெயரை மாற்றி அடிக்க முடிந்தவரால் அந்தப் பதிவை மாற்ற முடியாது.