நெல்லையிலிருந்து ஸ்கூபா பயணம்: லட்சத்தீவா, மாலத்தீவா, ஹேவ்லாக்கா?

வரைபடத்தை விரித்துப் பார்ப்பவருக்கு லட்சத்தீவு பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் ஸ்கூபாவுக்காக, அதாவது காற்றுக்கலம் சுமந்து கடலில் மூழ்குவதற்காக, திருநெல்வேலியிலிருந்து புறப்படுகிறவர் கணக்கிட வேண்டியது கிலோமீட்டரை அன்று. எடுத்த விடுப்பில் எத்தனை நாள் நீருக்குள் கழியும் என்பதையே.

அந்தக் கணக்கில் லட்சத்தீவு பின்தங்கிவிடுகிறது. இந்தியரும் நுழைவு அனுமதி பெற்ற பின்னரே கொச்சிக்குப் போய் விமானத்திலோ கப்பலிலோ இடம் தேட வேண்டும். அங்குள்ள பங்காரம் தீவின் காயல் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தேதியை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அது ஒத்துவராது.

மாலத்தீவை, வெளிநாடு என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுகிறார்கள். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். அங்கிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். இந்தியருக்கு விசாவை இறங்கியதும் கட்டணமின்றித் தருகிறார்கள். ரிசார்ட் வாடகையைக் கேட்டு மலைப்பவர்கள் மாஃபுஷி போன்ற, உள்ளூர் மக்கள் வாழும் ஊர்த்தீவுகளின் விருந்தினர் இல்லங்களில் தங்கலாம். அங்கே மது கிடையாது, உடையிலும் கட்டுப்பாடு உண்டு. ஆயினும் பவளத்திட்டுகளுக்கு இடையிலான கால்வாய்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். ஆகவே சான்றிதழும் ஓரளவு பழக்கமும் உள்ளவர்களுக்கே அதன் முழுப்பயன் கிட்டும்.

முதன்முறை இறங்குபவருக்கு நான் சொல்வது அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவு. 2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு என்றாலும் பழைய பெயரே வாயில் நிற்கிறது. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேர விமானப் பயணம், பிறகு போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் இரண்டு மணி நேரக் கப்பல். அலைச்சல் அதிகம்தான். ஆனால் இந்தியருக்கு அனுமதிச்சீட்டுத் தேவையில்லை. தமிழ் பேசுவோரும் அந்தமானில் ஏராளம். கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் காதடைப்பை நீக்கப் பழகிக்கொண்டு, 18 மீட்டர் வரை செல்ல உரிமை தரும் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சியை மூன்று நான்கு நாளில் முடித்துவிடலாம். பல நாள் மூழ்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இங்கே உறுத்துவதில்லை. கப்பலில் திரும்பிப் போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்குவதிலேயே அந்நேரம் கழிந்துவிடும். மாலத்தீவிலோ அதற்கென்றே ஒரு நாளைக் கரையில் செலவிட நேரும்.

பருவம் இரண்டு இடத்துக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூடும் என்பது உண்மையே. ஆனால் அங்கே ஸ்கூபாவுக்குத் தடை. மேற்பரப்பில் மிதந்தபடிதான் பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் ஹேவ்லாக்கில் கொடுத்த உடல்நலப் படிவத்தில், சிறு வயதில் இருந்த ஆஸ்துமாவுக்கு நேராக “ஆம்” என்று குறித்தார். மருத்துவர் கையெழுத்தில்லாமல் நீரில் இறங்க விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணி வந்த நாட்களில் ஒரு நாள் கரையிலேயே போயிற்று. எந்தத் தீவைத் தேர்ந்தாலும் அந்தப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி, பாளையங்கோட்டையிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு கிளம்புவது நல்லது.