பழைய சாதனங்களின் நிர்வாகப் பக்கங்களுக்கு எட்ஜ் உலாவியின் ஐஈ மோடு: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

எங்கள் அலுவலகத்தில் உள்ள கேமரா பதிவுக் கருவி, யுபிஎஸ்ஸில் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு, ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஒரு பழைய சர்வர் ஆகிய நான்கும் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தும் பழுதின்றி உழைக்கின்றன. ஆனால் அவற்றின் அமைப்புகளை மாற்றுவதற்கான வலைப்பக்கங்களை இன்றைய உலாவியில் திறந்தால், ஒன்று வெற்றுக் கட்டத்தைக் காட்டுகிறது. மற்றொன்று பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. ஒழுங்காக ஓடும் கருவியை அதன் பக்கம் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியிலேயே உள்ள, பக்கங்களைப் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஈ) போலத் திறக்கும் ஐஈ மோடு என்னும் வசதியைச் சில மாதங்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

பக்கம் திறக்காததற்கு இரு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த வசதி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும். முதலாவது, பக்கத்தின் கட்டுமானம். உலாவிக்குள் கூடுதலாக ஓடும் ஆக்டிவ்எக்ஸ், ஜாவா ஆப்லெட், ஃபிளாஷ் ஆகிய செருகுநிரல்களை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் பழைய செருகுநிரல்களுக்கான கதவை அடைத்தன. ஃபிளாஷுக்கு மட்டும் கிடைத்த விலக்கும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இரண்டாவது, மறையாக்கம். இணைப்பை மறையாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1999-இல் வந்த 1.0 பதிப்பு மட்டுமே தெரிந்த சாதனத்தோடு இன்றைய உலாவி பேச மறுக்கிறது. 2020-இன் நடுவில் ஃபயர்பாக்ஸ் 78, குரோம் 84 ஆகிய பதிப்புகளிலிருந்து இந்த மறுப்பு நடைமுறைக்கு வந்தது.

ஃபிளாஷைத் தவிர்த்தால், ஐஈ மோடு முதல் வகைக்கு மிக நல்ல தீர்வு. 2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓய்வுபெற்றபோதும் பக்கங்களை வரைந்து காட்டும் அதன் டிரைடன்ட் இயந்திரம் விண்டோஸில் தொடர்ந்து இருக்கிறது. குறிப்பிட்ட பக்கங்களை எட்ஜின் ஒரு டேபுக்குள் அந்த இயந்திரத்தைக் கொண்டு காட்டுவதுதான் இந்த மோடு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாத விண்டோஸ் 11-இலும் இது கிடைக்கிறது. 2029 வரையிலாவது ஆதரவு தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எட்ஜின் அமைப்புகளில் இயல்பு உலாவிக்கான பகுதிக்குச் சென்று, தளங்களை ஐஈ மோடில் மீண்டும் திறக்க அனுமதி கொடுத்து, உலாவியை மூடித் திறந்து, சாதனத்தின் முகவரியை அங்குள்ள பட்டியலில் சேர்த்தால் போதும்.

எங்கள் கேமரா பதிவுக் கருவியில்தான் இதன் பயனை முழுமையாக உணர்ந்தேன். அதன் நேரலைக் காட்சியும் பழைய பதிவுகளைத் தேடி எடுக்கும் பக்கமும் ஆக்டிவ்எக்ஸ் இல்லாமல் அசைவதில்லை. குரோமில் உள்நுழைவுப் பக்கம் வரும், அதற்குப் பின் கறுப்புக் கட்டம் மட்டுமே. ஐஈ மோடில் கருவியின் முகவரியை நம்பகமான தளங்களின் பட்டியலில் சேர்த்து, அது கேட்ட கட்டுப்பாட்டு நிரலை நிறுவியதும், எல்லாக் கேமராக்களும் பழையபடி தெரிந்தன. இரு நாள்களுக்கு முந்தைய பதிவைத் தேடித் தரவிறக்கவும் முடிந்தது. அந்த நிரலை அந்தக் கருவியிலிருந்தே இறக்கினேன். இணையத்தில் அதே பெயரில் கிடைக்கும் கோப்புகளை யாரும் நம்ப வேண்டாம். உரையாடல் சாளரத்தைத் திறந்து பதில் வாங்கும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் நீக்கிவிட்டன. அதை நம்பியிருந்த "சேமி" பொத்தான்களும் இங்கே வேலை செய்கின்றன.

குறைகளுள் முதன்மையானது முப்பது நாள் கெடு. பட்டியலில் நாமே சேர்க்கும் ஒவ்வொரு முகவரியும் முப்பது நாள்களில் தானாக நீங்கிவிடும். சேர்த்த தேதியும் முடியும் தேதியும் அதன் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் திறக்காமல் இருந்து, ஏதேனும் கோளாறு வரும் நாளில் மட்டும் தேவைப்படுகிற நிர்வாகப் பக்கத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தவே இல்லை. இதற்கு மாற்று, நிறுவனங்களுக்கான தளப் பட்டியல். முகவரிகளை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, விண்டோஸின் நிர்வாக விதிகளான குரூப் பாலிசி வழியாக எட்ஜுக்கு அதைக் காட்டினால் கெடு கிடையாது. மிகப் பழைய பக்கங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 அல்லது 8 போல நடத்தும்படி முகவரிவாரியாகச் சொல்லவும் அதில் இடமுண்டு. கோப்பை உருவாக்கும் கருவி எட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. இதைச் செய்துவைக்க எனக்கு ஒரு பிற்பகல் ஆனது. நான்கைந்து சாதனங்களைப் பராமரிப்பவர்கள் அந்த நேரத்தைச் செலவிடலாம். மேக், லினக்ஸ் பயனர்களுக்கு இந்த மோடே கிடையாது.

மறையாக்கச் சிக்கலில் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஐஈ மோடு விண்டோஸின் சொந்த இணைய அமைப்பைக் கொண்டு இணைகிறது. அதிலும் 2022 செப்டம்பர் முதல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இயல்பாக அணைக்கப்பட்டுள்ளன. கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அவற்றை மீண்டும் இயக்கலாம். நான் சோதித்த விண்டோஸ் 10 கணினியில் யுபிஎஸ்ஸின் பக்கம் அப்படித்தான் திறந்தது. ஆனால் அந்த மாற்றம் ஒரு சாதனத்தோடு நிற்பதில்லை. அதே பயனர் கணக்கில் அந்த இணைய அமைப்பைச் சார்ந்து இயங்கும் மற்ற மென்பொருள்களுக்கும் பொருந்துகிறது. ஒரு யுபிஎஸ்ஸைப் பார்ப்பதற்காக முழுக் கணக்கின் காவலையும் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே ஃபயர்பாக்ஸ் மேலானது. அதில் தனக்கென அமைப்புகளை வைத்திருக்கும் ஒரு புரொஃபைலைத் தனியாக உருவாக்கி, மேம்பட்ட அமைப்புகளின் பக்கத்தில் செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வெர்ஷன்.மின் என்பதன் மதிப்பை 3-இலிருந்து 1 ஆக மாற்றினால், டிஎல்எஸ் 1.0 அந்தப் புரொஃபைலுக்குள் மட்டும் ஏற்கப்படும். ஃபயர்பாக்ஸ் 93 முதல் அணைக்கப்பட்டிருக்கும் 3டெஸ் என்ற பழைய மறையாக்க முறையும் பழைய டிஎல்எஸ்ஸோடு சேர்ந்தே திரும்புகிறது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு அது தேவைப்படும். அந்தப் புரொஃபைலில் சாதனங்களின் முகவரிகளைத் தவிர வேறு எதையும் நான் திறப்பதில்லை. மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் அதன் பக்கமே வரக்கூடாது.

சர்வரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் நிர்வாகப் பக்கம் ஃபயர்பாக்ஸில் திறந்தது; சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டும் தொலைத்திரை மட்டும், ஜாவா நிரல்களை வலைப்பக்கத்திலிருந்து தொடங்கிவைக்கும் ஜாவா வெப் ஸ்டார்ட்டைக் கேட்கிறது. ஜாவா 11-இலிருந்தே அது நீக்கப்பட்டுவிட்டதால், இணையத் தொடர்பு இல்லாத மெய்நிகர் கணினி ஒன்றில் ஜாவா 8-ஐ வைத்திருக்கிறேன்.

எதற்கும் இணங்காதது சுவிட்ச்தான். டிஎல்எஸ்ஸுக்கு முந்தைய நெறிமுறையான எஸ்எஸ்எல் 3.0-ஐத் தாண்டி எதுவும் அதற்குத் தெரியாது. 2014 அக்டோபரில் பூடுல் என்ற பலவீனம் வெளியானதைத் தொடர்ந்து உலாவிகள் அந்த நெறிமுறையைக் கைவிட்டன; 2015-இல் ஆர்எஃப்சி 7568 என்ற இணையத் தர ஆவணம் அதை முற்றாகத் தடைசெய்தது. அதற்காக உலாவியின் காவலை மேலும் மேலும் கழற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சுவிட்சின் கன்சோல் போர்ட்டில் சீரியல் கேபிளைச் செருகி உள்ளே சென்றேன். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான கடைசி ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் இயங்கும் மென்பொருள்) இன்னும் கிடைத்தது. அதை ஏற்றியதும் டிஎல்எஸ் 1.2 வந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் எந்த மாற்றமும் செய்யாத ஃபயர்பாக்ஸிலேயே, சான்றிதழ் குறித்த ஒரு எச்சரிக்கையோடு திறக்கிறது. நான்கு கருவிகளுக்கும் ஃபர்ம்வேரைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். யுபிஎஸ் கார்டுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இந்த வாரம் பார்க்கப்போகிறேன்.