ஒரு செமஸ்டரா, இரட்டைப் பட்டமா, மூன்று வாரமா?

முதலில் நாட்டை முடிவு செய்துவிட்டு, அப்புறம் திட்டத்தைத் தேடுவதுதான் மேலாண்மை மாணவர்கள் பலர் செய்யும் தப்பு. பாரிஸா சிங்கப்பூரா என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். போவது எக்ஸ்சேஞ்சிலா, இரட்டைப் பட்டத்திலா, கோடைக்காலப் படிப்பிலா என்று கடைசி வாரத்தில்தான் கேட்பார்கள். பணமும் மதிப்பெண்ணும் பிற்பாடு கிடைக்கும் வேலையும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் கிட்டத்தட்ட ஒரு பண்டமாற்று. இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வருவார். அதனால் கல்விக் கட்டணத்தைச் சொந்தக் கல்லூரிக்கு மட்டும் கட்டினால் போதும். தங்குமிடம், விசா, காப்பீடு, பயணம் உங்கள் தலையில். 1987இல் தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலும் போகும் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. உங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் இல்லாத இடத்துக்குத் தனியாக விண்ணப்பித்துப் போனால் அங்கே கேட்கும் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டியதுதான். இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் முகவர்களும் உண்டு, கவனம்.

எக்ஸ்சேஞ்சில் உண்மையான தலைவலி மதிப்பெண். ஐரோப்பாவில் படிப்பின் அளவை இசிடிஎஸ் என்ற பொதுவான கிரெடிட்டில் கணக்கிடுவார்கள்; ஒரு முழு செமஸ்டர் என்றால் 30 கிரெடிட். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடாகும் என்று கிளம்புமுன் கையெழுத்தாகிவிடும். ஆனால் போய் இறங்கிய பிறகு அந்தப் பாடத்தில் இடம் நிரம்பியிருக்கும், அல்லது இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதும். மாற்றுப் பாடத்துக்கு உடனே எழுத்தில் ஒப்புதல் வாங்காவிட்டால், திரும்பி வந்ததும் கிரெடிட் கைவிட்டுப் போகும். அடுத்தது மதிப்பெண் அளவுகோல். பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி, 14 என்பது நல்ல மதிப்பெண். அதை அப்படியே 70 சதவீதம் என்று மாற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம். ஜெர்மனியில் கணக்கே தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. உங்கள் கல்லூரி எந்த மாற்று அட்டவணையை வைத்திருக்கிறது என்று முன்பே கேளுங்கள். வெறும் 'தேர்ச்சி' என்று மட்டும் பதிவார்கள் என்றால் யோகம்தான். பயந்து ஒதுக்கிய பாடத்தையும் துணிந்து எடுக்கலாம்.

நாட்காட்டியும் விளையாடும். ஜெர்மனியின் குளிர்கால வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி, தேர்வுகள் பிப்ரவரி வரை இழுக்கும். அதற்குள் உங்கள் கல்லூரியில் அடுத்த செமஸ்டர் ஆரம்பித்திருக்கும். அதே நாட்டில் மான்ஹைம் பல்கலைக்கழகம் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் முடித்துவிடுகிறது. இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் நடக்கும் மாதங்களில் வெளிநாட்டில் இருப்பீர்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரட்டைப் பட்டம் வேறு ரகம். இரண்டு பல்கலைக்கழகங்களின் நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும், பெரும்பாலும் ஒரு வருடமாவது அங்கே படிக்க வேண்டும். போட்டியும் அதிகம், நடுவில் விட்டுவிட்டு வருவதும் சிரமம். இதற்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே நிற்பது 1988இல் உருவான செம்ஸ் (CEMS) என்ற மேலாண்மைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு: சொந்தக் கல்லூரியின் முதுகலையோடு, வெளிநாட்டில் ஒரு பருவமும் ஓர் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து பன்னாட்டு மேலாண்மைப் பட்டம் ஒன்றும் கிடைக்கும். உறுப்பினர் கல்லூரியில் படிப்பவர்களுக்கு மட்டுமே அது.

இரண்டு மூன்று வாரக் கோடைக்காலப் படிப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலையில் இருப்பவர்களுக்கும், நீண்ட நாள் வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் சரி. மற்றவர்களுக்கு, கட்டணத்தையும் கிடைக்கும் கிரெடிட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு ஒப்பாது.

இளங்கலையில் இருப்பவருக்கு நான் செமஸ்டர் எக்ஸ்சேஞ்சைத்தான் சொல்வேன். முதுகலையில் கேள்வி மாறும்: அந்த நாட்டிலேயே வேலை தேடும் எண்ணம் உண்டா? உண்டென்றால் இரட்டைப் பட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதி கிடைக்கும். பிரிட்டனிலும் படிப்புக்குப் பிந்தைய விசாவுக்கு அங்கேயே பட்டம் முடித்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் போனவர் அங்கே பட்டம் வாங்குவதில்லை. செமஸ்டர் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.