பிளாக்மெயில்: மௌனமா, பேச்சா?

சார்லஸ் பென்னட்டின் ‘பிளாக்மெயில்’ நாடகத்தை இயக்குநர் ஹிட்ச்காக் 1929இல் இரண்டு விதமாகப் படமெடுத்தார்: ஒன்று மௌனம், மற்றொன்று பேச்சு. நாயகி ஆனி ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு அவர் நடித்த லண்டன் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. அதனால் பேசும் படத்தில் ஜோன் பாரி என்ற நடிகை கேமராவுக்கு வெளியே நின்று வசனம் சொல்ல, ஓண்ட்ரா வாயசைத்தார். அந்த ஒட்டாமை கொஞ்சம் உறுத்தும். மௌனப் படத்தில் அந்தத் தொல்லையே இல்லை, ஓண்ட்ராவின் முகமே போதும். என் ஓட்டு அதற்குத்தான்.

சரி, காலை உணவுக் காட்சிக்கு மட்டும் பேசும் படம்தான். முந்தைய இரவு தன்னைக் காத்துக்கொள்ள ஒருவனைக் குத்திக் கொன்றவள் நாயகி. வம்பளக்கும் பெண்ணின் பேச்சு மங்கி மங்கி, ‘கத்தி’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் அறையும். ரொட்டி வெட்ட எடுத்த கத்தி நாயகியின் கையிலிருந்து துள்ளி விழும்.