முடக்குவாதம்: எலும்பைக் காப்பாற்றுவது எந்த மருந்து?

முடக்குவாத மருந்துகளை ஒப்பிடும்போது வீக்கமும் வலியும் எவ்வளவு குறைகின்றன என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். எனக்கு இங்கே கேள்வி வேறு. விரல் எலும்பில் விழும் பள்ளத்தை எது தடுக்கிறது? வீக்கம் வடிந்தால் எலும்பும் தப்பிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை.

விரல் மூட்டில் குருத்தெலும்பு முடிகிற ஓரத்தில், மூட்டுச் சவ்வு நேரடியாக எலும்பைத் தொடும் சின்ன இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் முதல் பள்ளம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். வீங்கிய சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் (இணைப்புத் திசுச் செல்கள்) நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களும் ரேங்க்-எல் என்ற புரதத்தை உருவாக்குகின்றன. மோனோசைட் என்ற வெள்ளணு வழிவந்த செல்களின் மேலிருக்கும் ரேங்க் ஏற்பியில் அது போய் ஒட்டியதும், என்எஃப்-கப்பா-பி என்ற செல்லுக்குள் இருக்கும் புரதம் வழியாகக் கட்டளை உட்கருவுக்குப் போகிறது. அந்தச் செல்கள் பல சேர்ந்து ஒன்றாகி ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகின்றன. அமிலத்தால் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, கேத்தப்சின்-கே நொதியால் புரதத்தை அறுத்து எலும்பைத் தின்பது அதுதான்.

அப்படியானால் ரேங்க்-எல்லையே அடைத்துவிட்டால் போதாதா? 2001-இல் வெளியான எலி ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ரேங்க்-எல் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு, மூட்டுவாதம் வந்த எலிகளின் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஏற்றினார்கள். மூட்டு வழக்கம்போல் வீங்கியது, குருத்தெலும்பும் சேதமானது. எலும்பு மட்டும் பெரும்பாலும் அரிபடாமல் நின்றது. மனிதர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் போடும், ரேங்க்-எல்லை அடைக்கும் டெனோசுமாப் ஊசி அரிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இடைவெளி குறுகுவதை நிறுத்தவில்லை, வீக்கத்தையும் தொடவில்லை. 2017-இல் ஜப்பான் இதை முடக்குவாத எலும்பு அரிப்புக்கென்றே அனுமதித்தது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஊசியைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் மொத்தமாகக் கிளம்பும், முதுகெலும்பு முறிவுகள்கூட நேரலாம். ஆகவே எலும்புக்கு மிக நெருக்கமாக நின்று தடுத்தாலும், தனி மருந்தாக இதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். வேறு மருந்தோடு சேர்த்துக்கொள்ள மட்டும் சரி.

அடுத்தது டி.என்.எஃப். என்ற சைட்டோகைன், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் புரதம். இது ரேங்க்-எல் உற்பத்தியைக் கூட்டுகிறது, ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகப்போகும் செல்களைப் பெருக்குகிறது. அதோடு விடுவதில்லை. டிகேகே-1 என்ற புரதத்தைத் தூண்டி, எலும்பு கட்டும் செல்களுக்குத் தேவையான வின்ட் சமிக்ஞையையும் அடைத்துவிடுகிறது. தின்பவனுக்குப் பந்தி, கட்டுபவனுக்குப் பூட்டு! முடக்குவாதப் பள்ளங்கள் எளிதில் ஆறாததற்கு இது முக்கியக் காரணம். டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளை நான் முன்னே வைப்பதும் இதனால்தான். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட்டோடு, டி.என்.எஃப். தடுப்பு ஊசியான இன்ஃப்ளிக்சிமாபைச் சேர்த்துக் கொடுத்த அட்ராக்ட் ஆய்வின் முடிவுகள் 2000-இல் வந்தன. மூட்டுவலி சரியாகக் குறையாத நோயாளிகளுக்கும்கூட எக்ஸ்ரேயில் சேதம் பெரிதாகக் கூடவில்லை என்பதுதான் அதில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம். மறுபக்கம், காசநோய்க் கிருமியைச் சுற்றிவளைத்து அடைத்து வைப்பதும் டி.என்.எஃப்.தான். நம் நாட்டில் பலருக்கு உடலில் அது தூங்கிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே பரிசோதிக்காமல் ஊசியைத் தொடக் கூடாது.

இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு சைட்டோகைன் வேறு பாதையில் போகிறது. ஜிபி130 ஏற்பி வழியாக ஜேக் நொதி, ஸ்டாட்-3 புரதம் என்று செல்லுக்குள் சேதி இறங்கி, கடைசியில் சவ்வுச் செல்களில் ரேங்க்-எல்லைத்தான் கூட்டுகிறது. இதைத் தடுக்கும் டோசிலிசுமாபுக்கு ஒரு தனி வசதி உண்டு: மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனியாகவே கொடுக்கலாம். 2013-இல் வெளியான அடாக்டா ஆய்வில், இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது நோயின் தீவிரத்தைக் குறைப்பதில் இது அடாலிமுமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு ஊசியை முந்தியது. ஒரு எச்சரிக்கை: வீக்கத்தையும் தொற்றையும் காட்டிக்கொடுக்கும் சிஆர்பி என்ற இரத்தப் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவது பெரும்பாலும் இன்டர்லூகின்-6 சொல்வதைக் கேட்டுத்தான். இந்த ஊசி போட்டவருக்கு உள்ளே தொற்று இருந்தாலும் சிஆர்பி சாதுவாகத்தான் காட்டும்.

கடைசியாக ஜேக் தடுப்பு மாத்திரைகள். ஊசி வேண்டாம், செல்லுக்குள்ளேயே புகுந்து ஒரே நேரத்தில் பல சைட்டோகைன்களின் குரலை அமுக்கும். டி.என்.எஃப். நேரடியாக ஜேக்கைப் பயன்படுத்துவதில்லை என்றாலும், அது தூண்டிவிடும் இன்டர்லூகின்-6, இன்டர்ஃபெரான் இரண்டும் ஜேக் வழியாகத்தான் பேசும், அதனால் அதன் கையும் கொஞ்சம் கட்டுப்படுகிறது. எலும்புக் காப்பில், இந்த வகை மாத்திரைகளில் ஒன்றான டோஃபாசிடினிபின் கணக்கு சற்று இழுபறி. ஓரல் ஸ்கேன் ஆய்வில் 10 மில்லிகிராம் தினம் இருவேளை எடுத்தவர்களுக்கு எக்ஸ்ரே சேதம் தெளிவாகக் குறைந்தது. வழக்கமாகத் தரும் 5 மில்லிகிராமில் புள்ளியியல் அளவில் அது உறுதிப்படவில்லை. அப்புறம், 50 வயதைத் தாண்டி இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் நடந்த ஓரல் சர்வைலன்ஸ் ஆய்வில், டி.என்.எஃப். ஊசி போட்டவர்களைவிட டோஃபாசிடினிப் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துக் குறிப்பில் வரும் கட்டம்போட்ட கடும் எச்சரிக்கையை இந்த வகை மாத்திரைகளுக்கு விரிவாக்கியது. இந்தியாவில் ஜெனரிக் வந்தபின் விலை இறங்கியிருக்கிறது, ஊசிக்குச் செலவழிக்க முடியாத இளம் நோயாளிக்கு நல்ல வழிதான். பல வருடம் புகைபிடித்த அறுபது வயதுக்காரருக்கு விலையை மட்டும் பார்த்து இதை எழுதித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.